எழுதுவார்கள், கதைக்கமாட்டார்கள்: யாழ்ப்பாணத்தில் ஒரு தரம் 10 ஆங்கில வகுப்பு

பின்னணி

வலிகாமத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலையில், 2018 இல் தரம் 10 இல் இருந்த ஒரு வகுப்பு, தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரை அதன் ஆங்கிலப் பாடத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்த வகுப்பின் ஆங்கில ஆசிரியை நான்தான். பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் தரவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

வகுப்பில் 35 பேரளவில் இருந்தார்கள். பெரும்பாலும் தோட்டக்காரக் குடும்பங்கள். வெங்காயம், மிளகாய், புகையிலை. சிலரின் தகப்பன்மார் மேசன் வேலை செய்கிறவர்கள், சிலர் கடை வைத்திருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ நெருங்கிய உறவுகள் உண்டு. மற்றவர்களில் பலர் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நீண்ட காலம் நலன்புரி நிலையங்களில், அதாவது முகாம்களில், இருந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்கு வெளிநாட்டில் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. இந்த வேறுபாடு பின்னால் பெரிய விஷயமாக வந்து நின்றது.

யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் புதிதில்லை. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலை தொடங்கின. ஆங்கிலம் படித்தவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளாக்குமாராகவும் ஸ்ரேசன் மாஸ்டர்மாராகவும் போனார்கள். என் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் பூட்டனார் மலாயா ரயில்வேயில் வேலை செய்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். கோட்டுப் போட்ட அவருடைய படம் அவர்கள் வீட்டு விறாந்தையில் இன்னும் தொங்குகிறது. பிறகு தாய்மொழிக் கல்வி வந்தது, அது வரவேண்டியதுதான். ஆனால் அதோடு ஆங்கிலம் வீட்டிலும் தெருவிலும் கேட்காத ஒன்றாகி, பாடப்புத்தகத்துக்குள் ஒடுங்கிப் போனது.

பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். சாதாரண தரத்தில் அது கட்டாய பாடம். ஆனால் உயர்தரம் படிக்கத் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டியதில்லை. அதனால் நேரம் போதாவிட்டால் வீடுகளில் முதலில் கைவிடுவது ஆங்கிலத்தைத்தான். அதன் விலை பின்னால்தான் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பொறியியல் பீடத்திலும் விரிவுரை ஆங்கிலத்தில். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்துப் போன பிள்ளை முதல் மாதத்தில் ஒன்றும் விளங்காமல் அழுததை நேரில் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தப் பிள்ளைகள் எழுதிய சாதாரண தர ஆங்கிலப் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள், இரண்டுமே எழுத்து. வாய் திறக்காமலேயே அதில் ஏ எடுக்கலாம்.

முதலாம் தவணையில் கவனித்தவை

செயப்பாட்டு வினைக்கு மாற்று என்றால் மாற்றுவார்கள். இடைவெளி நிரப்பு என்றால் நிரப்புவார்கள். சொல்வதெழுதலிலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் "நேற்றுப் பின்னேரம் என்ன செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். எழும்பி நிற்கிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளை மேசையைப் பார்க்கும்.

கட்டுரை எழுதச் சொன்னபோது இன்னொன்று வெளிவந்தது. 'என் சிறந்த நண்பன்' என்ற தலைப்பு. திருத்த எடுத்தால் கொப்பிக்குக் கொப்பி அதே நண்பன்: உயரமானவன், வெள்ளை நிறம், தகப்பன் டொக்டர், தாய் ரீச்சர், விடுமுறையில் கண்டிக்குப் போகிறவன். ரியூசனில் கொடுத்த கட்டுரையைப் பாடமாக்கியிருக்கிறார்கள். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் வருகிற பெடியனுக்கு, தன் பக்கத்து வாங்கில் இருக்கிற உண்மையான நண்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதலாம் என்ற எண்ணமே வரவில்லை. ஆங்கிலம் என்றால் வேறு யாருடையவோ வாழ்க்கையைப் பற்றி எழுதுவது என்றுதான் அவர்களுக்குப் பதிந்திருந்தது. எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது இதுதான்.

அதே தவணையில் ஒரு பிள்ளை எழும்பித் தான் கோயிலுக்குப் போனதைச் சொன்னாள். "ஐ ஆம் கோ ரு ரெம்பிள் யெஸ்ரடே." சொன்னது எல்லாருக்கும் விளங்கியது. பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. யாரோ "எடுப்புக் காட்டுறா" என்றார்கள். அந்தப் பிள்ளை அந்தத் தவணை முழுவதும் திரும்ப வாய் திறக்கவில்லை. இதில் பிழை விட்டதற்கு மட்டும் சிரிப்பில்லை, கதைக்க முயன்றதற்கும் சிரிப்பு. சரியாகக் கதைத்திருந்தாலும் "எடுப்பு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு பக்கமும் அடி விழுகிற இடத்தில் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

இரண்டு பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்தேன். ஒருத்தி, நான் முன்னர் சொன்ன மலாயாப் பூட்டனாரின் பூட்டப்பிள்ளை. சுருக்கமாக இங்கே பேத்தி என்கிறேன். எழுத்தில் வகுப்பிலேயே முதல். எழுப்பினால் கழுத்துச் சிவந்து நின்றுவிடுவாள். மற்றவன் எழுத்தில் கடைசி வரிசை, எழுத்துக்கூட்டல் எதுவும் சரிவராது. ஆனால் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். ஒருநாள் வாசிப்புப் பாடத்தில் எறும்பைப் பற்றிய பந்தியை அவன் வர்ணனையாளரின் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். சொற்கள் அரைவாசி பிழை, ஓசை அத்தனையும் சரி. இவனுக்கு எழுத்து வரவில்லையே தவிர ஆங்கிலம் காதில் இருக்கிறது என்று அன்றைக்குக் குறித்துவைத்தேன்.

ஆகஸ்ட் விடுமுறையும் தாய் சொன்னதும்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணம் நிறைய வெளிநாட்டுப் பிள்ளைகள். விடுமுறை முடிந்து நடந்த பெற்றோர் சந்திப்பில், அந்தப் பேத்தியின் தாய் என்னிடம் வந்தார்.

"ரீச்சர், லண்டனில இருந்து என்ர தமையன்ர பிள்ளையள் வந்து ரெண்டு கிழமை நிண்டவை. இவள் குசினியை விட்டு வெளியில வரேல்லை. கேட்டால் தலையிடியாம். மூண்டாம் வகுப்பில இருந்து படிக்கிறாள்தானே?"

பிள்ளையைத் தனியாகக் கேட்டேன். "அவை கதைச்சது விளங்கினது ரீச்சர். நான் கதைச்சால் சிரிப்பினம் எண்டு பயம்" என்றாள். சிரித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். முதல் நாள் அவள் ஒரு வசனம் சொல்ல முயன்றபோது சிரித்தது சொந்தத் தம்பி.

அறிவுக் குறையால் வந்த மௌனம் இது இல்லை, கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்களைப் பொறுத்து வருகிற மௌனம் என்பது எனக்கு அப்போது உறுதியானது. அதன் பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன.

எடுத்த முடிவுகள்

முதலில் அதிபரிடம் போனேன். வாரத்தில் ஒரு பாடவேளையைக் கதைப்பதற்கு மட்டும் ஒதுக்கவேண்டும் என்று கேட்டேன். "ரீச்சர், பாடத்திட்டம் முடியாட்டி வலயக் கல்வி அலுவலகத்துக்கு நான்தான் பதில் சொல்லவேணும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தவணைப் பரீட்சைக்குரிய அலகுகள் பின்தங்கினால் நிறுத்திவிடலாம் என்ற உடன்பாட்டில் புதன்கிழமைப் பாடவேளை ஒன்றைத் தந்தார்.

வகுப்புக்கு முன்னால் எழும்பிக் கதைப்பதை முற்றாக நிறுத்தினேன். இருவர் இருவராக, ஒரே நேரத்தில் எல்லாரும் கதைப்பார்கள். இரைச்சல் கூடும்தான், ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒருவரின் பிழை இன்னொருவருக்குக் கேட்காது. கதைக்கும்போது திருத்துவதில்லை. காதில் விழுந்த பிழைகளை எழுதிவைத்து, அடுத்த பாடவேளையில் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் போட்டுத் திருத்துவோம்.

தமிழைத் தடுக்கவில்லை. இதில் சக ஆசிரியர் ஒருவருக்கு உடன்பாடில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் கேட்கவே கூடாது என்பது அவருடைய கொள்கை. நான் வேறு மாதிரிப் பார்த்தேன். சொல்லவேண்டியதைத் தமிழில் யோசித்து ஒழுங்குபடுத்த ஐந்து நிமிடம் கொடுத்தால், சொல்வதற்கு ஒன்று கையில் இருக்கும். வெறுங்கையோடு நிற்கிற பிள்ளைக்கு எந்த மொழியும் வராது.

தலைப்புகளைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காமல், கேட்பவருக்குத் தெரியாததும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்ததுமாகப் பார்த்து எடுத்தேன். நல்லூரில் ஆண்கள் ஏன் மேற்சட்டை இல்லாமல் உள்ளே போகிறார்கள்? கடலோடு ஒட்டியிருக்கும் கீரிமலைக் கேணியில் தண்ணீர் ஏன் உப்பாக இல்லை? ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுவது, எதை எப்போது போடுவது?

பண்பாட்டுப் பக்கத்துக்கும் இதே பாடவேளையில் இடம் கொடுத்தேன். அதற்குக் காரணம் ஒரு கடிதம். வெளிநாட்டு நண்பரிடம் புத்தகம் கேட்டு எழுதச் சொன்னபோது, ஒரு பிள்ளை "சென்ட் மீ த புக்" என்று தொடங்கியிருந்தாள். வாசித்தால் கட்டளை போல இருக்கிறது. அவள் மனதில் இருந்ததோ "அனுப்பிவிடுங்கோ" என்பது. எங்கள் பேச்சில் வா, வாரும், வாங்கோ என்று வினையிலேயே மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் அதிபருக்கும் 'யூ', தம்பிக்கும் 'யூ'. அதனால் மரியாதையை வேறு இடத்தில் வைக்கவேண்டியிருக்கிறது: 'குட் யூ' என்று கேள்வியாகக் கேட்பதில், 'பிளீஸ்' சேர்ப்பதில், மறுக்க இடம் விட்டுக் கேட்பதில். இதை விளங்கப்படுத்தியபோது ஒரு பெடியன் கேட்டான்: "அப்ப அவை தாய்க்கும் தாங்க் யூ சொல்லுவினமா மிஸ்?" சொல்வார்கள் என்றேன். "சாப்பாடு போட்டதுக்கா?" என்று நம்பாமல் கேட்டான். நாங்கள் சொல்லாததால் நன்றியில்லாதவர்கள் ஆகிவிடுவதில்லை, அவர்கள் சொல்வதால் அந்நியமாகிவிடுவதும் இல்லை என்று அந்தப் பாடவேளை முழுவதும் கதைத்தோம். புதிதாய்ச் சந்திப்பவரிடம் சம்பளத்தையும் கல்யாணத்தையும் பற்றிக் கேட்பது எங்களுக்கு அக்கறை, அவர்களில் பலருக்கு அது அத்துமீறல். இதெல்லாம் தெரியாமல் இலக்கணம் மட்டும் சரியாக இருந்து என்ன பயன்?

மூன்றாம் தவணை: முதலில் நடந்தது

முதல் சில புதன்கிழமைகளில் இரைச்சல்தான். பக்கத்து வகுப்பிலிருந்து முறைப்பாடும் வந்தது, வகுப்பை மரத்தடிக்கு மாற்றினோம். கிரிக்கெட் பெடியன் முதல் நாளே தொடங்கிவிட்டான். பேத்திக்கு ஒரே ஒரு தோழியோடு மட்டும், அதுவும் மிகத் தாழ்ந்த குரலில்தான் கதைக்க முடிந்தது. நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுவாள். அதனால் போகாமல் விட்டேன்.

சில வாரங்களின் பின், ஒடியல் கூழ் காய்ச்சுவதை அவள் சொல்ல, தாயின் சம்மதத்தோடு என் போனில் பதிந்து லண்டன் மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மச்சாள் குரலிலேயே பதில் அனுப்பியிருந்தாள்: ஒடியல் என்றால் என்ன, அதை எங்கே வாங்கலாம்? பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்து மாவாக்குவதை இவள் விளக்கவேண்டியதாயிற்று. பாடமாக்கிய கட்டுரை எதிலும் அந்த விளக்கம் இல்லை. "இற் இஸ் த ரூட் ஒஃப் யங் பல்மைரா" என்று தொடங்கி, இடையில் மூன்று தரம் நின்று, முடித்தாள்.

இதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் தங்கள் உறவினருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அனுப்ப ஆள் இல்லாத பிள்ளைகள் புதன்கிழமைகளில் ஒதுங்கி இருந்தார்கள். ஒருவன் "எங்களுக்கு ஆரும் இல்லை மிஸ்" என்று சாதாரணமாகச் சொன்னான். ஆங்கிலம் வெளிநாட்டில் ஆள் உள்ளவர்களுக்கு என்ற எண்ணம் ஊரில் ஏற்கனவே இருக்கிறது. அதை வகுப்பறையும் உறுதிப்படுத்துவதை நான் விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

தெற்கோடு தொடர்பு

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் பழகிய ஒருவர் குருநாகல் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய தரம் 10 வகுப்போடு குரல் செய்திகள் பரிமாறுவது என்று பேசிக்கொண்டோம். எங்கள் அரசியலமைப்பு 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்திலிருந்து ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. அந்த இணைப்பைப் பிள்ளைகள் ஒருமுறையாவது பாவித்துப் பார்க்கட்டும் என்பதும் ஒரு நோக்கம். இரண்டு அதிபர்மாரின் அனுமதியும் பெற்றோம். பிள்ளைகளின் நம்பர்கள் பரிமாறப்படவில்லை, எல்லாம் இரண்டு ஆசிரியர்களின் போன் வழியாகத்தான்.

முதல் செய்தி அவர்களிடமிருந்து வந்தது. ஒரு பெடியன் திக்கித் திக்கித் தன்னை அறிமுகப்படுத்தினான். எங்கள் பிள்ளைகள் போனைச் சுற்றி நின்று கேட்டார்கள். முடிந்ததும் பேத்தி சொன்னாள்: "அவையும் எங்களை மாதிரித்தான் கதைக்கினம்." அவள் முகத்தில் தெரிந்த ஆறுதலை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். லண்டன் மச்சாள் எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும் அவளுக்கு ஆங்கிலம் சொந்த மொழி, இவளுக்குப் பரீட்சை. குருநாகல் பிள்ளைக்கும் யாழ்ப்பாணப் பிள்ளைக்கும் அது ஒரே அளவு கடினம். வெட்கம் அங்கே பெரிய அளவில் கழன்றது. நான் செய்த எல்லாவற்றிலும் அதிகம் வேலை செய்தது இதுதான் என்று நம்புகிறேன்.

ஒரு செய்தியில் அவர்களில் ஒரு பிள்ளை, போன வருடம் படகில் நாகதீபவுக்கு வந்ததாகச் சொன்னாள். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு ஒருத்தி கத்தினாள்: "அது எங்கட நயினாதீவு!" ஒரே தீவு. எங்களுக்கு நாகபூசணி அம்மன் கோயில், அவர்களுக்கு நாகதீப விகாரை. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியின் மாமி அங்கே வாழ்க்கைப்பட்டவர். குறிகட்டுவானிலிருந்து படகு ஏறுவது, தேர்த் திருவிழாவுக்கு வரும் சனம், கோயிலில் போடும் அன்னதானம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் குழப்பினாள்தான். அதற்காக அவள் நிறுத்தவும் இல்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

ஒருமுறை அங்கிருந்து, போர்க்காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேள்வி வந்தது. பதில் சொல்வதா என்று வகுப்பிடமே கேட்டேன். விரும்பினால் சொல்லலாம், கட்டாயம் இல்லை என்றேன். "எங்களுக்கு ஆரும் இல்லை" என்ற அதே பெடியன் சொன்னான். முகாமில் பிறந்தது, இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகு திரும்பியது, வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. சின்னச் சின்ன வசனங்கள். அங்கிருந்து அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் அவனுக்கென்றே பதில் அனுப்பினார்கள்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் பாடசாலைகள் மூடப்பட்டன. திறந்த பிறகும் வரவு குறைவு, புதன்கிழமைகள் நின்றுபோயின. அந்த இடைவெளியில் என் போனுக்கு முதலில் வந்தது குருநாகல் வகுப்பின் செய்தி: எல்லாரும் சுகமா? நான் சொல்லாமலேயே எங்கள் பிள்ளைகள் பதில் பதிந்தார்கள், அவர்கள் பக்கத்தையும் விசாரித்தார்கள்.

விளைவு

அந்த வகுப்பு 2019 டிசம்பரில் பரீட்சை எழுதியது. முடிவுகள் முந்திய வகுப்புகளைவிடப் பெரிதாக உயரவில்லை. எஸ் (சாதாரண சித்தி) எதிர்பார்த்த சிலர் சி (திறமைச் சித்தி) எடுத்தார்கள். சித்தியடையாதவர்களும் இருந்தார்கள். பேத்தி ஏ, அது எதிர்பார்த்ததுதான். கிரிக்கெட் பெடியன் எஸ் எடுத்தான். குரல் செய்திகளில் வகுப்பிலேயே சரளமாகக் கதைத்தவன் அவன். அந்தத் திறமையைப் பதிய எந்தப் பத்திரத்திலும் இடம் இல்லை. இதைக் கல்வித் திணைக்களக் கூட்டங்களில் நான் தொடர்ந்து சொல்லி வருகிறேன்.

கதைப்பதில் வந்த மாற்றம் தெளிவானது. எழுப்பினால் நிற்கிற பிள்ளைகள் குறைந்தார்கள். பின்வாங்குச் சிரிப்பு ஏறத்தாழ நின்றது. 2019 திருவிழாவுக்கு லண்டன் பிள்ளைகள் திரும்ப வந்தபோது, பேத்திதான் அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனதாகத் தாய் சொன்னார். அதே நேரம் ஆங்கில தினப் போட்டிக்குப் பேச்சுக்கு வரச் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை. வகுப்பில் நாலைந்து பேர் கடைசி வரை கதைக்கவே இல்லை. ஒரு தகப்பன், புதன்கிழமைப் பாடவேளை வீண் என்று அதிபரிடம் முறையிட்டார். அவருடைய மகன் அந்தக் கதைக்காத நாலைந்து பேரில் ஒருவன்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

தரம் 10 பிந்திய காலம். பரீட்சைப் பயமும் அந்த வயதுக்குரிய கூச்சமும் சேர்ந்துவிடுகின்றன. தரம் 6 இல் தொடங்கினால் "எடுப்பு" என்ற பேச்சு வேர்விட முன்பே கதைப்பது பழக்கமாகிவிடும்.

உறவினருக்கு அனுப்புவதைவிடச் சிங்களப் பாடசாலையோடு தொடங்குவதே முறை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்க ஆள் இருக்கும், கேட்பவரும் கற்பவராக இருப்பார். உறவினர் பிறகு வரலாம். போரைப் பற்றிய கேள்வி போன்றவை கட்டாயம் வரும். அவற்றை எப்படிக் கையாள்வது என்று இரண்டு ஆசிரியர்களும் முன்கூட்டியே கதைத்து வைக்கவேண்டும். குரல் பதிவுகளுக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும், தவணை முடிவில் அவற்றை அழிக்கும் ஒழுங்கும் தேவை.

கடைசி வரை கதைக்காத அந்த நாலைந்து பேருக்குத் தனி வழி வேண்டும். அவர்களில் இருவருக்குத் தமிழ் வாசிப்பிலேயே சிரமம் இருந்தது. அதை முதலாம் தவணையிலேயே சோதித்து, தமிழ் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்திருக்கவேண்டும்.

2020 இல் எனக்கு இடமாற்றம் வந்தது. புதன்கிழமைப் பாடவேளை திரும்ப இலக்கணத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. இப்போது இருக்கும் பாடசாலையில் இதைத் தொடங்கும்போது நேரசூசியிலேயே பாடவேளையை எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். வாராவாரத் தலைப்புகளும் பிழைப் பட்டியலும் அடங்கிய கொப்பி ஒன்று ஆங்கிலப் பாட இணைப்பாளரிடம் இருக்கிறது. அடுத்து வருகிற ஆசிரியர் அதிலிருந்து தொடங்கலாம்.